மூடிய அணு உலைகளின் மேற்பார்வை: கல்பாக்கமும் பொட்டிப்புரமும்

மின் உற்பத்தியை நிரந்தரமாக நிறுத்திவிட்ட அணுமின் நிலையத்தை, எரிபொருளை எடுத்து, உலையைப் பிரித்து, கழிவை அப்புறப்படுத்தி, நிலத்தை வேறு பயனுக்கு ஒப்படைக்கும் நாள் வரைக்கும் அரசின் ஒழுங்குமுறை அமைப்பு கண்காணித்து வருவதே மூடிய அணு உலைகளின் மேற்பார்வை. இந்த வேலை முழுவதையும் தமிழில் ‘செயல்நீக்கம்’ என்று எழுதுகிறார்கள். நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் ‘டிகமிஷனிங்’ என்றே சொல்வார்கள். அனல்மின் நிலையத்தை மூடினால் கொதிகலன் ஆறியதும் பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிட்டுவிடலாம். அணு உலையை மூடினால், இன்று பிறந்த குழந்தை பேரன் பேத்தி எடுக்கும் வரைக்கும் யாராவது ஒருவர் அதன் கதவருகே நின்றாக வேண்டும்.

தேனி மாவட்டத்தில் அணுமின் நிலையம் கிடையாது. இருந்தும், உலை ஓய்ந்த பிறகு கழிவு எங்கே போகும், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைப் பேச்சு வரைக்கும் இறங்கி வந்தது. தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில், அணுசக்தித் துறையின் பணத்தில் அமையவிருந்த, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வுக்கூடம்தான் காரணம். ஆய்வுக்கூடம் வேறு, கழிவுக் கிடங்கு வேறு என்பது அறிவியல் அறிந்தவர்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்கு மக்களின் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டது ஏன் என்பதற்கு விடை, இந்தியாவில் மூடிய உலைகள் கண்காணிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நின்ற உலைக்குள் இருப்பது

கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கியதும் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும். சூடு நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்கடியில் கங்கு கனன்றுகொண்டிருப்பதுபோல, பிளந்த அணுக்களின் எச்சங்கள் சிதைந்து வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உலை நின்ற கணத்தில் அது முழு வெப்பத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் உருகிய மூன்றும் நிலநடுக்கம் வந்தவுடன் முறையாக நின்றுவிட்ட உலைகள்தாம். நின்ற உலை ஆபத்தில்லாத உலை என்ற எண்ணத்தை அந்த ஒரு வாரம் உடைத்துப் போட்டது.

எனவே மூடலில் முதல் வேலை எரிபொருளை வெளியே எடுத்து நீர்க்குளத்தில் போடுவது. நிலையத்திலுள்ள கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கு மேல் அதோடு போய்விடும். மிஞ்சுவது உலைக்கலத்தின் எஃகிலும் கான்கிரீட்டிலும் குழாய்களின் உட்சுவரிலும் ஏறிய கதிரியக்கம். இதில் முக்கியமானது கோபால்ட்-60. அதன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. இந்திய உலைகளில் பெரும்பாலானவை கனநீர் உலைகள் என்பதால் டிரிட்டியமும் உண்டு, அரைவாழ்வு 12.3 ஆண்டு. கசிவு பட்ட இடங்களில் சீசியம்-137 தங்கியிருக்கலாம். அதற்கு 30 ஆண்டு.

இந்த எண்களில் ஒரு பெரிய முடிவு அடங்கியிருக்கிறது. 50 ஆண்டு பொறுத்தால் கோபால்ட்-60 ஏறத்தாழ 700-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்; உலையைப் பிரிக்கும் தொழிலாளியின் உடம்பில் ஏறும் கதிர்வீச்சும் பெருமளவு குறையும். ஆனால் 50 ஆண்டுக்குள் அந்த உலையைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் போய்விடுவார்கள். எந்த வால்வு எப்போது மாற்றப்பட்டது, எந்தத் தரையில் எப்போது கனநீர் சிந்தியது என்ற ஞாபகம் அவர்களோடு போகும். உடனே பிரிப்பதா, பூட்டிவைத்துக் காத்திருப்பதா என்பதை ஒவ்வொரு நாடும் இந்த இரண்டு நஷ்டங்களை எடைபோட்டே முடிவு செய்கிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் 1996-ல் திருத்தப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தன. நிலையத்தை நடத்தும் நிறுவனம் இரண்டு உறுதிக் கடிதங்கள் தர வேண்டும்: உற்பத்தி நிரந்தரமாக நின்றது என்று ஒன்று, உலையிலிருந்து எரிபொருள் நிரந்தரமாக எடுக்கப்பட்டது என்று இன்னொன்று. இரண்டும் பதிவானதும் உலையை இயக்கும் உரிமை போய்விடும்; உரிமம் மட்டும் பராமரிப்புக்காகத் தொடரும். உற்பத்தி நின்ற 2 ஆண்டுக்குள் செயல்நீக்க அறிக்கையை ஒப்படைத்து, உள்ளூரில் கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 60 ஆண்டுக்குள் வேலை முடிய வேண்டும். ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று நிலையங்களை நிறுத்தியது. பூட்டிவைத்துக் காத்திருக்காமல் நேரடியாகப் பிரிப்பதே அங்கே பொதுவிதி.

ஆனால் சட்டம் சரியாக இருந்தாலும் கழிவுக்கு இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் என்ற கடலோர ஊர் சாட்சி. அங்கிருந்த மெய்ன் யாங்கி நிலையம் 1997-ல் மூடப்பட்டது. 2005-க்குள் உலை, கட்டடம், குவிமாடம் எல்லாம் அகற்றப்பட்டன. இன்று அங்கே போனால் ஒரு கான்கிரீட் தளத்தின் மேல் 64 பருத்த பீப்பாய்கள் நிற்பதைப் பார்க்கலாம். 60-ல் பயன்படுத்திய எரிபொருள். 4-ல் உலையின் உட்புறத்திலிருந்து வெட்டியெடுத்த கதிரியக்க இரும்பு. அவற்றைச் சுற்றி வேலி, ஆயுதக் காவல், ஆணையத்தின் சோதனை. மின்சாரம் தயாரித்த நிலையம் போய்விட்டது, கண்காணிப்பு மட்டும் நிற்கிறது. எரிபொருளை ஏற்றுக்கொள்ள வேண்டிய அமெரிக்க அரசிடம் வைக்க இடம் இல்லாததால், பீப்பாய்கள் எப்போது நகரும் என்று ஊராருக்குச் சொல்ல ஆள் இல்லை.

இந்தியாவில்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று, 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஓர் அரசாணையால் அமைக்கப்பட்டது. வாரியத்தின் நடைமுறையில் ஒரு நிலையத்துக்கு ஐந்து கட்ட அனுமதிகள் உண்டு: இடத் தேர்வு, கட்டுமானம், தொடக்கம், இயக்கம், செயல்நீக்கம். 1987-ல் கதிரியக்கக் கழிவுகளை அப்புறப்படுத்துவதற்கான விதிகளும், 2004-ல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் வந்தன. செயல்நீக்கத்துக்கென்றே ஒரு பாதுகாப்புக் கையேட்டை வாரியம் 1998 மார்ச்சில் வெளியிட்டது. உலையைப் பூட்டிக் கண்காணிப்பது, ஓரளவு விடுவிப்பது, முழுவதும் விடுவிப்பது என்று சர்வதேச அணுசக்தி முகமை வகுத்த படிநிலைகளையே கையேடும் பின்பற்றியது. ஏட்டளவில் குறையில்லை.

குறை, வாரியம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பதில் இருந்தது. வாரியம் அணுசக்தி ஆணையத்தின் கீழ் வந்தது. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் நிறுவனம். 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், பதவியிலிருந்து வந்தபின் இந்தக் கட்டமைப்பின் பலவீனத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் வெளிப்படையாக எழுதினார். 2000-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலைகளும் ஆலைகளும் வாரியத்தின் கண்காணிப்பிலிருந்தே எடுக்கப்பட்டு, மையத்தின் உள்ளேயே அமைந்த பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. அதனால் 1960-ல் தொடங்கி, அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தின்படி 2010 டிசம்பர் 31-ல் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட சைரஸ் ஆராய்ச்சி உலையின் மூடலை, அதை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் குழுதான் பார்க்கிறது. ஆசியாவின் முதல் உலை என்று பேர்பெற்ற அப்சரா 1956 முதல் 2009 வரை ஓடி நின்றது. பழைய உலை பிரிக்கப்பட்டு அதே இடத்தில் 2018-ல் புதிய அப்சரா எழுந்தது. சிறிய உலையை மூடிப் பிரிக்கும் கைத்திறன் நம் பொறியாளர்களிடம் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

மின் உலைகளின் கதை வேறு. ராஜஸ்தானில் ராவத்பாட்டாவிலுள்ள முதல் அலகு கனடாவின் உதவியோடு கட்டப்பட்டு 1973 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஐந்தே மாதத்தில், 1974 மே 18 அன்று, பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது; கனடா உதவியை நிறுத்திக்கொண்டது. துணைக்கு ஆள் இல்லாமல் வளர்ந்த அந்த அலகில் 1980-களின் தொடக்கத்திலேயே உலையின் ஒரு முனைக் கவசத்தில் விரிசல் கண்டது. அடைத்தார்கள், ஓட்டினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். திறனை 100 மெகாவாட்டாகக் குறைத்தார்கள். 2004 அக்டோபரில் நின்ற அலகு அதன்பின் மின்சாரம் தரவில்லை. எரிபொருள் வெளியே எடுக்கப்பட்டு, குழாய்கள் வடிக்கப்பட்டு, உலை உலர்நிலையில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த பெயர் ‘நீண்ட நிறுத்தம்’. நிரந்தர மூடல் என்ற அறிவிப்பு வந்தால்தான் செயல்நீக்கத்துக்கான விதிகளும் கெடுவும் செலவும் பின்னால் வரும். ‘நீண்ட நிறுத்தம்’ என்ற சொல்லுக்குக் கெடு கிடையாது.

நமக்குப் பக்கத்தில் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலையில் தொடர்வினையை எட்டி, 1984 ஜனவரியில் வணிக உற்பத்திக்கு வந்தது. இந்தியப் பொறியாளர்கள் தாங்களே கட்டிய முதல் அணுமின் நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. அந்தப் பெருமை நியாயமானது. 1980-களின் முடிவில் உள்பகுதி ஒன்று உடைந்ததால் இரண்டு அலகுகளும் பல ஆண்டுகள் 170 மெகாவாட்டில் ஓடின. பிறகு குளிர்விப்புக் குழல்கள் மொத்தமாக மாற்றப்பட்டன. 2018 ஜனவரி இறுதியில் முதல் அலகு குழல் கசிவால் நின்றது. அதற்கும் நீண்ட நிறுத்தம்தான்.

2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை இந்த விஷயத்தில் மிக முக்கியமான ஆவணம். கையேடு வெளிவந்து 13 ஆண்டு ஆகியும், 30 ஆண்டு ஓடிய நிலையங்கள், நிறுத்தப்பட்ட நிலையங்கள் உட்பட நாட்டில் எந்த அணுமின் நிலையத்துக்கும் செயல்நீக்கத் திட்டம் இல்லை என்று அது பதிவு செய்தது. செயல்நீக்க நிதி திரட்டச் சட்டத்திலோ விதிகளிலோ வகை இல்லை, நிதி போதுமா என்று பார்ப்பதில் வாரியத்துக்குப் பங்கில்லை என்றும் சொன்னது. சிஏஜி அறிக்கை என்றாலே ஊழல் கணக்கு என்று நினைத்துப் புரட்டாமல் விடுகிறோம். இந்த அறிக்கையைப் பள்ளி ஆசிரியர்களும் ஊராட்சித் தலைவர்களும் படிக்க வேண்டும்.

நிதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1991 முதல் அணுமின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா செயல்நீக்கத்துக்காக வசூலிக்கப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 220 மெகாவாட் அலகு ஒன்று 80 சதவீதத் திறனில் ஓர் ஆண்டு ஓடினால் ஏறத்தாழ 154 கோடி யூனிட் தரும். அதில் 2 பைசா என்றால் சுமார் 3 கோடி ரூபாய். 40 ஆண்டு ஓடினாலும் வட்டி நீங்கலாக 123 கோடி. 170 மெகாவாட்டிலும் 100 மெகாவாட்டிலும் ஓடிய அலகுகளுக்கு இதைவிடக் குறைவு. அந்தப் பணத்தில் கதிரியக்கம் ஏறிய உலையைப் பிரித்துக் கழிவை நூறாண்டுக் கணக்கில் காக்க முடியுமா என்ற கேள்விக்கு, அலகு வாரியாகக் கணக்கை வெளியே வைத்தால்தான் பதில் கிடைக்கும்.

வாரியத்துக்குத் தனிச் சட்டம் தரும் மசோதா 2011 செப்டம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, 2014-ல் அவையோடு காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, தனியாருக்கும் உலை நடத்த வழிவிட்டு, வாரியத்துக்குச் சட்டத் தகுதியும் கொடுக்கிறது. 42 ஆண்டு கழித்து வந்த தகுதி. தனியார் வரும்போது மூடலின் செலவு யார் தலையில் விழும் என்பது இனிமேல்தான் சூடு பிடிக்கப்போகும் விவகாரம்.

கோலார் வழியாக ஒரு பாதை

பொட்டிப்புரத்துக்கு வரும் முன் கோலார் தங்கவயலில் இறங்கியாக வேண்டும். 1965-ல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் இடம்பெற்றார்கள். அதே தங்கவயலின் கைவிடப்பட்ட பகுதி ஒன்றில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், அணுக்கழிவைப் புதைத்தால் பாறை சூட்டை எப்படித் தாங்கும் என்று அறிய, மின்சூடேற்றிகளை வைத்து ஒரு சோதனை பல ஆண்டு நடந்தது. சோதனையில் கழிவு எதுவும் வைக்கப்படவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

2012 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கின்போது, கழிவை எங்கே வைப்பீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டதற்கு, மத்திய அரசுத் தரப்பில் கோலார் தங்கவயலின் பெயர் சொல்லப்பட்டது. கோலாரில் கடையடைப்பு, தெருவெங்கும் எதிர்ப்பு. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசும் அணுமின் கழகமும் சில நாளில் மறுத்தன. நியூட்ரினோ பிடித்த சுரங்கத்தின் பேரும் அணுக்கழிவின் பேரும் ஒரே வாக்கியத்தில், அதுவும் உச்ச நீதிமன்றத்திலேயே, வந்துவிட்டன. அதைப் பத்திரிகையில் படித்த தேனிக்காரர், தன் ஊர் மலையில் நியூட்ரினோ சுரங்கம் வரப்போகிறது என்றால் என்ன நினைப்பார்? 2013 மே 6-ல் கூடங்குளத்துக்கு அனுமதி தந்த தீர்ப்பு, நிரந்தர ஆழ்நிலப் புதைகிடங்கு அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. புதைகிடங்குக்கு இடம் எது என்று எங்கும் அறிவிக்கப்படவில்லை. எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்வதால் உயர்நிலைக் கழிவு சிறிதளவே என்றும், புதைகிடங்குக்கு இப்போது அவசரமில்லை என்றும் துறை சொல்லிவருகிறது. இடம் சொல்லாத கிடங்கு எல்லா மலைக்கும் சொந்தம்.

பொட்டிப்புரம்

நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால் 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. மாற்றாகச் சுருளியாறு பேசப்பட்டது. அங்கேயும் காடு. கடைசியில் உத்தமபாளையம் வட்டத்தில் பொட்டிப்புரம் ஊராட்சியை அடுத்த அம்பரப்பர் மலை தேர்வானது. ஒரே பாறையாக எழுந்த சார்னோகைட் மலை; கேரள எல்லைக்கு மிக அருகில். அடிவாரத்தில் மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமும். கரட்டில் ஆடு மாடு மேய்ச்சல். மாநில அரசு 26.825 ஹெக்டேர் புறம்போக்கு நிலத்தைக் கொடுத்தது. மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள குகைக்கூடம், அதற்குள் காந்தமேற்றிய 50,000 டன் இரும்புத் தகடுகள் என்பது திட்டம். தலைக்கு மேல் 1 கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால்தான் மற்ற துகள்கள் வடிகட்டப்பட்டு நியூட்ரினோவின் தடம் மட்டும் தெரியும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

அறிவியல் தரப்பைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நியூட்ரினோ எதையும் தீண்டாமல் கடந்துபோகும் துகள். இதைப் படிக்கும் நேரத்திலும் நம் உடம்பு வழியாக எண்ண முடியாத கோடிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் கூடம் கதிரியக்கப் பொருளை உற்பத்தி செய்யாது. அணு உலைக்கும் நியூட்ரினோவுக்கும் உள்ள உண்மையான உறவோ வேறு மாதிரி. ஓடும் உலையிலிருந்து எதிர்நியூட்ரினோக்கள் வெள்ளமாக வரும். 1956-ல் நியூட்ரினோ முதலில் பிடிபட்டதே அமெரிக்காவின் சவன்னா ரிவர் உலையருகில்தான். உலை நின்றால் வெள்ளம் வற்றிவிடும். ஒரு நாடு உலையை மூடிவிட்டதாகச் சொல்வது உண்மையா என்று சுவருக்கு வெளியே இருந்தே கண்டுபிடிக்க இத்தகைய கருவிகள் உதவும் என்று உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. மூடிய உலையைக் கண்காணிக்க உதவக்கூடிய ஓர் அறிவியல், மூடிய உலையின் கழிவு பற்றிய அச்சத்தில் மாட்டிக்கொண்டது நம் காலத்தின் துயரம்.

ஆனால் அச்சம் அறியாமையால் மட்டும் வளரவில்லை. அனுமதிகள் கொடுக்கப்பட்ட விதம் அதற்குத் தீனி போட்டது. 2011-ல் மத்திய அமைச்சகம் தந்த சுற்றுச்சூழல் அனுமதி, கட்டடங்களுக்கும் கட்டுமானத் திட்டங்களுக்குமான பிரிவின் கீழ் வந்தது. நகரத்தில் அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகங்களும் அனுமதி வாங்குகிற அதே பிரிவு. மலைக்குள் வெடிவைத்துக் குடையும் வேலையை அதில் அடைத்ததுதான் முதல் பிழை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த கோவை சலீம் அலி பறவையியல் மையம் பறவை ஆய்வில் பேர்பெற்ற நிறுவனம். ஆனால் இத்தகைய அறிக்கை தயாரிக்கும் அங்கீகாரம் அதற்கு இல்லை.

2015-ல் ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை தொடங்கத் தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2017 மார்ச் 20-ல் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அனுமதியை நிறுத்திவைத்தது. இடுக்கி மாவட்டத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதையும், அறிக்கை தயாரித்தவர்க்கு அங்கீகாரம் இல்லாததையும் அது காரணமாகக் காட்டியது. ஆய்வுக்கூடத்தார் மறுபடி விண்ணப்பித்தபோது, தமிழ்நாட்டு மதிப்பீட்டுக் குழு இந்தத் திட்டத்தைக் கட்டடப் பிரிவில் ஆராய முடியாது என்று திருப்பியது. மத்திய நிபுணர் குழு ‘சிறப்பு நேர்வு’ என்று கையிலெடுத்து 2018 மார்ச்சில் பரிந்துரைத்தது. அனுமதி அதே கட்டடப் பிரிவில் மறுபடி வந்தது. அந்த மாதத்தில்தான் வைகோ மதுரையிலிருந்து கம்பத்தை நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். 2018 நவம்பர் 2-ல் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றது, தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2021 ஜூனில் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமரைச் சந்தித்தபோது திட்டத்தைக் கைவிடக் கோரினார். 2022 பிப்ரவரியில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், அந்த மலை மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காப்பகத்துக்கும் இடையே புலிகள் போய்வரும் வழி என்று சொல்லி அனுமதி மறுத்தது. ஆக, பொட்டிப்புரத்தை நிறுத்தியது புலியின் பாதை. அணுக்கழிவு வாதம் எந்தத் தீர்ப்பிலும் தீர்மானமாகக் கேட்கப்படவில்லை. ஊர்க்காரர்கள் முதலில் கேட்ட கேள்விக்கு நீதிமன்றத்தில்கூட முறையான பதில் கிடைக்காமல் போனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மதுரைக்குப் பக்கத்தில் வடபழஞ்சியில் 85 டன் எடையுள்ள, திட்டத்தின் சிறிய முன்மாதிரிக் கருவி மட்டும் 2018 முதல் இயங்கிவந்தது.

அணையின் எண்ணும் உலையின் எண்ணும்

பழைய கட்டுமானத்தை எப்படிக் கண்காணிப்பது என்று கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையை நம்பித்தான் அங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அணை பலமானதா என்று இரண்டு மாநிலங்கள் பல பத்தாண்டு வழக்காடின. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதியும் இரண்டு மாநிலப் பிரதிநிதிகளும் கொண்ட கண்காணிப்புக் குழுவை அமைத்தது. 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கூடலூரிலோ கம்பத்திலோ சின்னமனூரிலோ காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தால், அணைகளின் நிலவரம் ஒரு சிறு கட்டத்தில் இருக்கும்: முல்லைப் பெரியாறு இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை; பக்கத்தில் வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை. வாசிப்பவர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு, ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று அவரே சொல்லிவிடுவார். அரசியல்வாதி என்ன பேசினாலும் அந்த எண் அவர் கையில் இருக்கிறது. 130 ஆண்டுப் பழைய அணையின் கீழே மக்கள் நிம்மதியாக நாற்று நடுவதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

நின்ற உலைக்கு அப்படி ஓர் எண் இல்லை. நியாயமாகச் சொன்னால், ஒழுங்குமுறை வாரியம் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் காற்றிலும் நீரிலும் வெளியேறிய கதிரியக்கம், தொழிலாளர் ஏற்ற கதிர்வீச்சு அளவு எல்லாம் அதில் உண்டு. நிலையங்களையொட்டிச் சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் இருக்கின்றன. பாலையும் மீனையும் கீரையையும் எடுத்துச் சோதிக்கின்றன. இவை மதிக்க வேண்டிய வேலைகள். ஆனால் அந்த அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மும்பையிலிருந்து வருகின்றன. கல்பாக்கத்தையொட்டிய சதுரங்கப்பட்டினத்து மீனவருக்கும் பொட்டிப்புரத்து விவசாயிக்கும் அவை எட்டவில்லை.

கல்பாக்கத்தின் முதல் அலகு திரும்ப ஓடுமோ, ஓடாதோ. இரண்டாவது அலகு 1986-ல் வந்தது, அதுவும் ஒருநாள் நிற்கும். தமிழ்நாடு ஓர் உலையை மூடும் காலம் தொலைவில் இல்லை. அந்த அலகுகளின் செயல்நீக்கத் திட்டத்தையும், 2 பைசாவாகச் சேர்ந்த தொகையையும், பிரிக்கும்போது வரும் இரும்பும் கான்கிரீட்டும் கழிவும் எந்த இடத்தில் வைக்கப்படும் என்பதையும் இப்போதே தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை மாநில அரசு கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவையில் எழுப்ப வேண்டும். தேனி மாவட்டத்தார் இதில் முன்னே நிற்கலாம். பத்தாண்டுக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுமந்தவர்கள் அவர்கள்.